பெயர் சொல்லி நன்றி கூறுவோம்

(நமது பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற முன்னாள் படைவீரர் பாராட்டுக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



இந்தப் பொன்விழா ஆண்டில் நம் பங்கு பலருக்கும் நன்றி கூறிவருகிறது. ஆலயத்துக்கு நிலம் கொடுத்தவர்கள், மணி வாங்கித் தந்தவர்கள், பெஞ்சு செய்து தந்தவர்கள் ஆகியோரின் பெயர்கள் சுவரிலும் கல்லிலும் பொறிக்கப்பட்டுள்ளன. மின்விசிறியின் இறக்கையில்கூடக் கொடுத்தவர் பெயர் சிவப்பு எழுத்தில் இருக்கிறது. விசிறி சுழலும்போது அதைப் படிக்க முடியாது என்பது வேறு செய்தி! நன்கொடையாளர் பெயரை எழுதி வைப்பது நல்ல வழக்கமே. கொடுத்தவரை மறவாதிருப்பது மனிதப் பண்பு.

ஆனால், இளமையின் 15, 20 ஆண்டுகளைக் கொடுத்தவர்களை எந்தச் சுவரில் எழுதுவது? காஷ்மீரத்தின் பனியிலும் ராஜஸ்தானத்தின் மணலிலும் நாகாலாந்தின் காட்டிலும் நின்றுவிட்டு, இன்று நம்மோடு ரேஷன் கடை வரிசையில் அமைதியாக நிற்கிற இவர்களுக்கு நாம் எப்படி நன்றி கூறுவது? இதைச் சிந்திக்கவே இங்குக் கூடியிருக்கிறோம்.

நம் ஊர்ப் பழக்கம் ஒன்றைக் கவனியுங்கள். வெளியூரிலிருந்து வருகிற ஒருவர் தெருமுனையில் நின்று இவர்களில் ஒருவருடைய பெயரைச் சொல்லி வீடு எங்கே என்று கேட்டால், பலர் யோசிப்பார்கள். "மிலிட்டரிக்காரர் வீடு" என்று கேட்டால் சிறுவனும் வழிகாட்டுவான். மரியாதையாகத்தான் அப்படி அழைக்கிறோம். எனினும் அந்த மரியாதைக்குள் ஒரு மறதி ஒளிந்திருக்கிறது. சீருடையை நினைவில் வைத்திருக்கிறோம். அதை அணிந்திருந்த மனிதரின் பெயர் நழுவிவிடுகிறது.

கல்லில் எழுதிய நன்றி

தமிழர்களாகிய நமக்கு இந்தப் பாடம் புதிதன்று. போரிட்டு மாண்டவனுக்குக் கல் நட்டு வழிபட்ட மரபு நம்முடையது. கல்லைத் தேர்ந்தெடுப்பது முதல் அதை வாழ்த்துவது வரை ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வரிசையாகக் கூறுகிறது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-ஆம் ஆண்டில் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழ்பிராமி எழுத்துடைய நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். அவை ஈராயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. ஆநிரை கவர்ந்த பூசலில் மாண்ட ஒருவனின் பெயர் அவற்றுள் ஒரு கல்லில் இருக்கிறது. அந்தவன் என்பது அவன் பெயர். அவன் அரசன் அல்லன். ஆயினும் இன்றும் நாம் அவனைப் பெயர் சொல்லிக் குறிப்பிட முடிகிறது.

செங்கம் பகுதியில் எடுத்தனூர் என்ற ஊரில் உள்ள ஏழாம் நூற்றாண்டு நடுகல்லைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். வீரனுக்கு அருகில் அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்வரைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல் சொல்லுகிறது. காவல் செய்தது நாயேயானாலும் அதன் பெயரை எழுதி வைத்தார்கள் நம் முன்னோர்!

அதன்பிறகு ஏறத்தாழ 1300 ஆண்டுகள் கடந்து வருவோம். முதல் உலகப் போரில், 1914 முதல் 1918 வரை, இந்தியாவிலிருந்து 13 லட்சம் பேர் அளவுக்குக் கடல் கடந்து சென்றார்கள். 74 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. போர் முடிந்தபின் ஆங்கில அரசு, ஆட்களை அனுப்பிய பல ஊர்களில் சிறு கல்வெட்டுகளைப் பதித்தது. தமிழகத்து ஊர்களிலும் அவை உண்டு. இந்த ஊரிலிருந்து பெரும்போருக்கு இத்தனை பேர் சென்றார்கள், அவர்களுள் இத்தனை பேர் உயிர் நீத்தார்கள் என்பதே அவற்றின் செய்தி. எண் இருக்கிறது. பெயர் இல்லை.

இராக்கில் பஸ்ரா என்ற இடத்தில், அந்தப் போரில் மெசபடோமியப் போர்முனையில் இறந்தவர்களுக்குப் பெரிய நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது. அதில் அதிகாரிகளின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. இந்தியச் சிப்பாய்கள் பல்லாயிரவர் எண்ணிக்கையாக மட்டுமே குறிக்கப்பட்டனர். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021-ஆம் ஆண்டில் இத்தகைய பாகுபாடுகளை ஆய்ந்து அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. ஒரு நூற்றாண்டு கடந்துவிட்டது! மன்னிப்பைக் கேட்டு ஆறுதல் அடைய வேண்டிய தாயும் மனைவியும் அதற்குள் மண்ணாகிவிட்டார்கள்.

அன்பர்களே, இந்த இருவகைக் கற்களையும் மனத்தில் நிறுத்துங்கள். ஒன்று பெயர் சொல்லுகிறது. மற்றது கணக்குச் சொல்லுகிறது. கணக்குச் சொல்லுவதை நன்றி என்று கொள்ள முடியாது. நல்ல ஆயன் தன் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறான் என்றுதான் நாம் கற்றிருக்கிறோம். எத்தனை ஆடுகள் என்று எண்ணுவதற்கு ஆயன் வேண்டியதில்லை. வாங்க வந்த வியாபாரியே எண்ணிவிடுவான்.

அவர்கள் கொடுத்தது என்ன?

படைவீரர் என்றதும் துப்பாக்கியும் குண்டுமே நம் கண்முன் வருகின்றன. சினிமா நமக்குக் கற்றுக்கொடுத்த படம் அது. ஆனால் சிப்பாயாகச் சேர்ந்த ஒருவர் தம் பணிக்காலத்தில் பெரும்பாலான நாட்களில் செய்தது காத்திருப்பதும் விழித்திருப்பதுமே. பிள்ளை பிறந்த செய்தியைத் தந்தியில் படித்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பெற்ற தாயின் அடக்கத்துக்கு மூன்று நாள் ரயில் பயணம் செய்து வந்து, மண் மூடிய கல்லறையை மட்டும் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

அந்நாளில் அவர்களுக்குக் கடிதம் எழுதிய முகவரி நினைவிருக்கிறதா? பெயர், எண், படைப்பிரிவு, அதன்பின் "56 ஏ.பி.ஓ." அல்லது "99 ஏ.பி.ஓ." அவ்வளவுதான். ஊர் இல்லை, மாநிலம் இல்லை. பாதுகாப்புக் கருதிச் செய்த ஏற்பாடு அது. கணவன் எங்கே இருக்கிறான் என்று தெரியாமலேயே மாதந்தோறும் மனைவி கடிதம் எழுதினாள். அவன் பனியில் இருக்கிறானா, வெயிலில் இருக்கிறானா என்று அவளுக்குத் தெரியாது. பதில் வந்தால் உயிரோடு இருக்கிறான் என்று பொருள். மாமனார் மாமியாரைப் பார்த்து, பிள்ளைகளைப் படிக்கவைத்து, மணியார்டரை எண்ணி எண்ணிச் செலவு செய்த அந்தப் பெண்களும் நாட்டுக்குப் பணி செய்தவர்களே. அவர்களுக்குப் பதக்கம் கிடையாது. இன்று நாம் வீரருக்குப் போடும் சால்வையில் பாதி அவர்களுக்கு உரியது.

போர் இல்லாத காலத்திலும் ஆபத்து உண்டு. 1984 ஏப்ரல் முதல் நம் படையினர் சியாச்சின் பனிமலையில் காவல் நிற்கிறார்கள். அங்கே எதிரியின் குண்டைவிடக் குளிரும் பனிச்சரிவுமே மிகுதியாக உயிர்களைக் குடித்தன. 2016 பிப்ரவரி 3 அன்று 19,600 அடி உயரத்தில் ஏற்பட்ட பனிச்சரிவில் 19-ஆவது மதராஸ் பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேர் புதையுண்டார்கள். அவர்களுள் நால்வர் தமிழகத்தவர். ஆறு நாள் கழித்து ஒருவர் பனிக்கடியில் உயிரோடு மீட்கப்பட்டார், நாடே மன்றாடியது, பிப்ரவரி 11 அன்று அவரும் டில்லி மருத்துவமனையில் இறந்தார். அந்த வாரம் நம்மில் எத்தனை பேர் மழை வந்துவிட்டதென்று பூசைக்குத் தாமதமாக வந்தோமோ, தெரியவில்லை!

நம் கடற்கரை மக்கள் 2004 டிசம்பர் 26-ஐ மறக்கமாட்டார்கள். ஆழிப்பேரலை வந்துபோன பின், வேளாங்கண்ணியிலும் நாகப்பட்டினத்திலும் உடல்களை எடுக்கவும் இடிபாடுகளை அகற்றவும் படையினர் வந்தார்கள். அதே காலையில் கார் நிக்கோபார் விமானப்படைத் தளத்தில் வீரர்களும் குடும்பத்தினருமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் அலையில் மாண்டிருந்தார்கள். எஞ்சியவர்கள் தம் இறந்தோரைத் தேடிக்கொண்டே, நிவாரண விமானங்கள் இறங்குவதற்கு ஓடுதளத்தைச் சரிசெய்தார்கள். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோதும் படகோடு வந்தவர்களில் சீருடை அணிந்தவர்கள் இருந்தார்கள். படகில் ஏறியவர் எவரும் மீட்பவரின் சாதியையோ சமயத்தையோ கேட்டதாகத் தெரியவில்லை. படகு ஓட்டியவரும் கேட்கவில்லை.

ஒரு நேர்மையான கேள்வி

இந்த இடத்தில் உங்களுள் சிலர் உள்ளத்தில் ஒரு கேள்வி எழலாம். அமைதியின் அரசரை வணங்கும் நாம், ஆயுதம் ஏந்தியவரைப் பாராட்டலாமா? இது நல்ல கேள்வி. இதை மூடி மறைக்க வேண்டியதில்லை.

திருப்பலியில் நற்கருணை வாங்குமுன் நாம் அனைவரும் சேர்ந்து, ஆண்டவர் நம் இல்லத்தில் வரத் தகுதியற்றவர் நாம் என்று அறிக்கையிடுகிறோம். அந்தச் சொற்களை முதன்முதலாகச் சொன்னவர் யார்? குருவா, மறைநூல் அறிஞரா? இல்லை. கப்பர்நாகூமிலிருந்த நூற்றுவர் தலைவர், பிற இனத்தவர், ஒரு படைவீரர். நோயுற்ற தம் பணியாளுக்காக மன்றாடி வந்த அவரிடம் படைத்தொழிலைக் கைவிடும்படி ஆண்டவர் கட்டளையிட்டதாக நற்செய்தியில் இல்லை. அவருடைய நம்பிக்கையைக் கண்டு வியந்ததாகவே இருக்கிறது. ஒரு படைவீரரின் சொற்களைச் சொல்லாமல் நாம் ஒருநாளும் பந்தியை அணுகுவதில்லை என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆனால், போரைப் போற்றுவதும் போருக்குச் சென்றவரை மதிப்பதும் வெவ்வேறு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 டிசம்பர் 7 அன்று வெளியிட்ட "இன்றைய உலகில் திருச்சபை" என்ற கொள்கைத் திரட்டு, மக்களைப் பேரளவில் அழிக்கும் போரை வன்மையாகக் கண்டிக்கிறது. அதே ஏட்டில், நாட்டுப் பணியாகப் படையில் இருப்போர் மக்களின் பாதுகாப்புக்கும் உரிமைக்கும் ஊழியர்களாகத் தம்மைக் கருதி, அப்பணியை நேர்மையாகச் செய்தால் அமைதிக்கே துணைபுரிகிறார்கள் என்றும் கூறுகிறது. 1949 முதல் நம் நாடு படைவீரர் கொடிநாளைக் கொண்டாடுவதும் அதே டிசம்பர் 7-இல்தான். கொடிநாள் வசூலுக்குப் பள்ளியில் சில்லறை கொடுத்துக் கொடி குத்திக்கொண்டது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும்.

இதைவிடக் கடினமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1987-ஆம் ஆண்டு இந்திய அமைதிப்படை இலங்கைக்குச் சென்றது. ஏறத்தாழ 1,200 வீரர்கள் அங்கே மாண்டார்கள். 1990 மார்ச்சில் எஞ்சியோர் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கியபோது அன்றைய தமிழக முதலமைச்சர் அவர்களை வரவேற்கச் செல்லவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. நம் உடன்பிறப்புகளாகிய ஈழத் தமிழர்கள் அந்த ஆண்டுகளில் பெருந்துயர் அடைந்தார்கள். 1987 அக்டோபரில் யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள்ளேயே நோயாளிகளும் மருத்துவரும் தாதியரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதை மறைத்துவிட்டு நன்றிக்கூட்டம் நடத்தினால் அது நன்றியாகாது, முகத்துதியாகும்.

எனினும், அனுப்பியவர்களின் முடிவுக்கு உரிய தீர்ப்பை, ஆணையின்படி சென்று ஒரு காலை இழந்து திரும்பிய சிப்பாயின் தலையில் மட்டும் சுமத்துவது நீதியாகுமா? குற்றம் செய்தவன் குற்றவாளியே; அவனுக்குச் சீருடை மறைப்பாக இருக்கலாகாது. ஆனால் குற்றம் செய்யாதவனும் 30 ஆண்டுகளுக்கு மேலாகத் தான் சென்ற இடத்தின் பெயரைச் சொந்த ஊரில் சொல்லக் கூசி வாழ்கிறான் என்றால், அவனை உட்காரவைத்துப் பேசவிட வேண்டிய இடம் எது? கோயில்தான். அகதியாக வந்தவருக்கும், அமைதிப்படையில் போனவருக்கும் ஒரே பெஞ்சில் இடம் கொடுக்க முடியாத கோயில் எதற்காக?

காலம் தாழ்ந்த நன்றி

மராட்டிய மாநிலத்தவரான முரளிகாந்த் பேட்கர் என்ற வீரரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம். 1965 போரில் குண்டுகள் பாய்ந்து, முதுகுத்தண்டில் காயப்பட்டு, இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். மருத்துவத்தின் ஒரு பகுதியாக நீச்சல் பழகினார். 1972-இல் ஜெர்மனியிலுள்ள ஹைடல்பர்க் நகரில் நடந்த மாற்றுத்திறனாளர் ஒலிம்பிக் போட்டியில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றார். அந்தப் போட்டிகளில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. நாடு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது எப்போது? 2018-ஆம் ஆண்டில். 46 ஆண்டுகள் கழித்து! அவர் உயிரோடிருந்து வாங்கிக்கொண்டது நாட்டின் நற்பேறு.

விடுதலை பெற்ற இந்தியாவுக்காக உயிர்நீத்த வீரர்களின் பெயர்கள் அனைத்தையும் ஓரிடத்தில் பொறித்த தேசியப் போர் நினைவகம் டில்லியில் 2019 பிப்ரவரி 25 அன்றுதான் திறக்கப்பட்டது. 25 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் அங்கே கல்லில் உள்ளன. 1947-48 காஷ்மீர்ப் போரில் மகனை இழந்த எந்தத் தாய் அந்தக் கல்லைத் தொட்டுப் பார்க்க இருந்திருப்பாள்?

1962-இல் சீனப் போரில் நின்றவர்களுக்கு இன்று 80 வயதுக்கு மேல். 1971 டிசம்பரில் 13 நாள் போரில் பங்குகொண்டவர்கள் 70-ஐத் தாண்டிவிட்டார்கள். நம் கல்லறைத் தோட்டத்தில் அவர்களில் பலர் ஏற்கெனவே துயில்கிறார்கள். ஆகவே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நன்றியை ஒத்திப்போட இனிக் காலமில்லை.

நாம் செய்யக்கூடியவை

நாடு செய்ய வேண்டியதை நாடு செய்யட்டும். ஒரு பங்கு செய்யக்கூடியது என்ன? நான்கு செய்திகளை உங்கள் முன் வைக்கிறோம்.

முதலாவது, பெயரைச் சரிசெய்வது. இதைக் கேட்டுச் சிலர் வியப்படையலாம். நம் பங்குகளில் அடிக்கடி காணும் துன்பம் இது. ஞானஸ்நானப் பதிவேட்டில் ஆரோக்கியசாமி. பள்ளிச் சான்றிதழில் ஆரோக்கியம். படையில் சேர்ந்த அன்று எழுத்தர் எழுதியது ஏ.சாமி. மனைவி கோயில் ஏட்டில் மரியம்மாள், படைப் பதிவில் மேரி, ஆதாரில் மரியாள். கணவர் உயிரோடிருக்கும்வரை எல்லாம் ஓடும். அவர் கண்மூடிய மறுமாதம் குடும்ப ஓய்வூதியத்துக்கு எழுதும்போது, பதிவிலுள்ள பெண்ணும் விண்ணப்பித்த பெண்ணும் ஒருவர்தாமா என்று அலுவலகம் கேட்கும். 40 ஆண்டுகள் கடிதம் எழுதிக் காத்திருந்தவள், தானே தான் என்று மெய்ப்பிக்க அலைய வேண்டும்.

ஆகவே, கணவர் இருக்கும்போதே டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் ஓய்வூதிய ஆணையையும் எடுத்துப் பாருங்கள். மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் சரியாக உள்ளனவா? பிள்ளைகளின் பெயர்கள் உள்ளனவா? உழைத்துப் பிழைக்க இயலாத மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருந்தால், பெற்றோருக்குப் பின் அப்பிள்ளைக்கு வாழ்நாள் முழுதும் குடும்ப ஓய்வூதியம் பெற விதியில் இடமுண்டு. அதற்கான பதிவு இருக்கிறதா? தவறு இருப்பின் அவரவர் படைப்பிரிவின் ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுத வேண்டும். மதராஸ் ரெஜிமெண்டுக்கு அது வெல்லிங்டனில், மதராஸ் சாப்பர்களுக்குப் பெங்களூரில் உள்ளது. வழிகாட்ட மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. ஞானஸ்நானச் சான்றோ திருமணச் சான்றோ தேவைப்பட்டால் பங்கு அலுவலகத்தின் கதவு உங்களுக்கு எந்த நாளும் திறந்திருக்கும். அதற்குக் கட்டணம் இல்லை.

இரண்டாவது, கைக்குத் துணையாவது. ஓய்வூதியக் கணக்குகள் இப்போது ஸ்பார்ஷ் என்னும் கணினி முறைக்கு மாறியுள்ளன. ஆண்டுக்கு ஒருமுறை உயிர்வாழ் சான்று பதிய வேண்டும். தவறினால் ஓய்வூதியம் நின்றுவிடக்கூடும். ஏர் பிடித்தும் துப்பாக்கி பிடித்தும் ரேகை தேய்ந்துபோன விரலைக் கருவி ஏற்பதில்லை. கைப்பேசியில் முகத்தைக் காட்டிப் பதியவும் வழி உண்டு. ஆனால் அதை 80 வயதுப் பெரியவர் தனியே எப்படிச் செய்வார்? 2003-ஆம் ஆண்டில் தொடங்கிய முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தின் அட்டை இருந்தும், எந்த மருத்துவமனைக்குப் போவது என்று தெரியாமல் கைக்காசைக் கரைத்தவர்களும் உண்டு. இளைஞர்களே, நாள்தோறும் பல மணி நேரம் உங்கள் கையில் அந்தக் கைப்பேசி இருக்கிறது. அதில் அரைமணியை இவர்களுக்குக் கொடுங்கள். ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதத்து ஞாயிறுகளில் பூசை முடிந்ததும் பங்கு மண்டபத்தில் ஒரு மேசை போடப்படும். அங்கே நீங்கள் அமர வேண்டும்.

மூன்றாவது, காது கொடுப்பது. ராணுவ கேன்டீனில் குக்கர் வாங்கவும், வேறு சில பொருள்கள் வாங்கவும் மட்டும் நமக்கு இவர்கள் நினைவு வருவதுண்டு. (சிரிப்பு.) சிரிக்கிறீர்கள், அப்படியென்றால் உண்மைதான்! வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, ஐயா, நீங்கள் எங்கெல்லாம் இருந்தீர்கள் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள்; பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிவையுங்கள். சிலர் உடனே பேசுவார்கள். சிலர் மௌனமாக இருப்பார்கள். உடன் படுத்திருந்த தோழன் விடியலில் இல்லாமற் போனதை வீட்டிலும் சொல்லாதவர்கள் உண்டு. உறக்கத்தில் திடுக்கிட்டு எழுபவர்கள் உண்டு. அந்தப் பாரத்தை மறக்கக் குடியை நாடியவர்களும் உண்டு. அவர்களை ஏளனம் செய்வது எளிது. அருகில் அமர்வது கடினம். கடினமானதையே நன்றி கேட்கிறது.

நான்காவது, இனித் திரும்பி வருவோரை எதிர்கொள்வது. 2022-இல் தொடங்கிய அக்னிபத் முறையில் நான்கு ஆண்டுப் பணிக்குப் பின் நால்வரில் ஒருவர் வரையே படையில் தொடர்வர். மற்றவர்கள் இளம் வயதிலேயே ஊர் திரும்புவார்கள். ஒரு தொகை கையில் கிடைக்கும், ஓய்வூதியம் கிடையாது. அந்த முறை சரியா தவறா என்று வாதிடுவது இன்றைய கூட்டத்தின் வேலையன்று. திரும்பும் பிள்ளையைத் தெரு எப்படி வரவேற்கும் என்பதே நம் கவலை. "அதுக்குள்ள வந்துட்டியா? எடுக்கலையா?" என்ற ஒரு கேள்வி போதும், அவனுடைய நான்கு ஆண்டும் வீணென்று அவன் நினைக்க. அப்படிக் கேட்காதீர்கள். கையிலுள்ள பணத்தை ஒரே மாதத்தில் வண்டியாக மாற்றிவிடாமல் அவனுக்கு நல்ல யோசனை கூறுங்கள். தொழில் வைத்திருப்பவர்கள் வேலை கொடுங்கள். 35, 40 வயதில் ஓய்வு பெற்று வந்து, வங்கி வாசலில் காவலராக இரண்டாம் வாழ்க்கையைத் தொடங்கிய நம் பெரியவர்களும் அவனுக்கு வழிகாட்ட வேண்டும். அந்த வாசலில் முதல் நாள் நின்றபோது என்ன நினைத்தார்கள் என்பதை அவர்களைவிட யார் அறிவார்?

முன்னாள் படைவீரர்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். நம் ஆலயங்களில் புனித செபஸ்தியாரின் சுரூபத்தை வைத்து ஜனவரி 20-இல் விழா எடுக்கிறோம், அவர் படைவீரர். நவம்பர் 11-இல் நாம் நினைவுகூரும் புனித மார்ட்டினும் படைவீரர்; முதல் உலகப் போர் 1918-இல் ஓய்ந்ததும் அவருடைய விழாநாளில்தான். குளிரில் நடுங்கிய ஏழைக்குத் தம் மேலாடையை வாளால் வெட்டிப் பாதியைக் கொடுத்தார் அவர். வாளுக்கு அவர் கண்ட சிறந்த பயன் அது. நேரம் தவறாமை, சாதி பாராமல் ஒரே தட்டில் உண்ட பழக்கம், இருப்பதைப் பகிரும் குணம் ஆகியவற்றை அங்கே கற்று வந்திருக்கிறீர்கள். ஊருக்கு வந்தபின் அவற்றைப் பெட்டிக்குள் மடித்து வைத்துவிடாதீர்கள். இந்தத் தெருக்களுக்கு அவை தேவை.

பங்கு மக்களே, திருக்குறளில் செய்ந்நன்றியறிதலுக்கு ஓர் அதிகாரமும், படையின் மாண்புக்கு ஓர் அதிகாரமும் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே அறுபதுக்கு மேற்பட்ட அதிகாரங்கள். நூலில் அவ்வளவு தூரம் இருக்கலாம். வாழ்க்கையில் அவ்வளவு தூரம் வேண்டாம். குணம்பெற்ற தொழுநோயாளர் பத்துப் பேரில் ஒருவனே திரும்பி வந்து நன்றி கூறினான். மற்ற ஒன்பது பேரும் நன்றியில்லாதவர்கள் என்பதைவிட, அவசரக்காரர்கள் என்றே சொல்லத் தோன்றுகிறது. வீட்டுக்குப் போகிற அவசரம். நமக்கும் அதே அவசரம்தான் எப்போதும். இன்று சற்று நிற்போம்.

பொன்விழாவின் நினைவாக நம் இளைஞர் மன்றத்தினர் வீடு வீடாகச் சென்று, இந்தப் பங்கிலிருந்து படைக்குச் சென்றவர்களின் பெயர்களை, இருப்பவர், இறந்தவர் அனைவரையும் சேர்த்து, ஒரு பதிவேட்டில் எழுதியிருக்கிறார்கள். யாருடைய பெயரேனும் விடுபட்டிருந்தால் இன்றே வந்து சொல்லுங்கள். அந்தப் பதிவேடு ஞானஸ்நான ஏட்டுக்கு அருகில் வைக்கப்படும். மறைந்தவர்களின் பெயர்கள் ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் தோட்டத்துத் திருப்பலியில் வாசிக்கப்படும்.

இப்போது மன்றத்தின் செயலாளர் அந்தப் பெயர்களை முதன்முறையாக வாசிப்பார். "மிலிட்டரிக்காரர்" என்றல்ல, அவரவர் பெயர், தகப்பனார் பெயர், சேர்ந்த ஆண்டு, பணியாற்றிய பிரிவு என்று வாசிப்பார். படைவீரர்களும் அவர்தம் துணைவியரும் தயவுசெய்து அமர்ந்தே இருங்கள். போதுமான அளவு நின்றுவிட்டீர்கள். மற்ற நாம் அனைவரும் எழுந்து நிற்போம்.

இறைவன் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.